எனிட் பிளைட்டனுக்கு ஒரு அளவுகோல், மத்தவங்களுக்கு ஒரு அளவுகோலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, பிள்ளைகளுக்குக் கதை எழுதுன இங்கிலாந்து எழுத்தாளர் எனிட் பிளைட்டன் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன். பெத்த பிள்ளைகளையே சரியா கவனிக்காதவங்க ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுதினதை இன்னைக்கு உள்ள பார்வையில ஏத்துக்க முடியாதுன்னு கட்டுரையை முடிச்சிருக்காங்க. அந்தம்மா மேல குத்தமே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆனா கட்டுரையில வச்சு அளந்த அளவுகோல் இன்னைக்கு உள்ளது இல்லைங்க, எங்க பாட்டி காலத்துது. பொம்பளைன்னா மொதல்ல அம்மா, மத்ததெல்லாம் அப்புறந்தாங்குற அதே பழைய கணக்குத்தான்.

நான் செல்லூர்ல வீட்டு மாடியில டியூஷன் எடுக்குறவ. பழைய புத்தகக் கடைகள்ல வாங்குனது ஒரு ஷெல்ஃப் நிறைய இருக்கு, பாடம் முடிஞ்சு பிள்ளைக எடுத்துப் படிக்கும். பிளைட்டன் எழுதுன ஃபேமஸ் ஃபைவ் கதை வரிசையில ஒண்ணு, அட்டை கிழிஞ்சு காலண்டர் தாள்ல அட்டை போட்டு வச்சிருக்கேன், உள்ள எந்தப் பிள்ளையோ பென்சில்ல தமிழ் அர்த்தம் எழுதிருக்கு, ஹாம்னா கறி, ஸ்கோன்னா பன்னுன்னு. தமிழ் மீடியம் பிள்ளைக பல பேரு ஒரு இங்கிலீஷ் கதையைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சது அந்தப் புத்தகத்துலதான். இதைச் சொல்லி அந்தம்மாவைக் காப்பாத்தப் பாக்குறேன்னு நினைச்சுக்காதீங்க, விஷயத்துக்கு வர்றேன்.

பிளைட்டனோட சின்ன மக இமோஜன் 1989ல எழுதுன புத்தகத்துல, எங்கம்மாகிட்ட தாய்ப்பாசம்ங்குறது துளிகூட இல்லைன்னு சொல்லிருக்காங்க. கட்டுரை அதை எடுத்துப் போட்டுச்சு, சரிதான், வலிச்ச பிள்ளை சொல்றதைக் கேக்கணும். ஆனா மூத்த மக ஜில்லியன் தன் அம்மாவை நல்ல அம்மான்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாங்க, அது கட்டுரையில ஒரு வரி கூட இல்லை. ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு அம்மா இருக்குறது நம்ம தெருவுலயே பாக்கலாம். அப்புறம் ஆயா வளர்த்தாங்க, போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பிட்டாங்கன்னு ஒரு குத்தம், அந்தக் காலத்துல இங்கிலாந்துல வசதியான வீடு நெறைய அப்படித்தான் இருந்துச்சு, அந்த வீட்டு அப்பாக்களை யாராவது கேட்டாங்களா?

என்னைக் கேட்டா அந்தம்மா செஞ்சதுல பெரிய தப்பு வேற. 1942ல மொத புருஷன் ஹியூ பொல்லாக்கோட விவாகரத்து ஆனப்புறம், பிள்ளைகளை அப்பா முகத்தையே பாக்க விடல. இவங்களுக்கே பதிமூணு வயசு இருக்கையில அப்பா வீட்டை விட்டுப் போனவரு, அந்த வலி தெரிஞ்சும் தன் பிள்ளைகளுக்கு அதையே செஞ்சாங்க. இது எந்தக் காலத்துலயும் தப்பு, அன்னைக்கும் தப்புதான். கட்டுரை இதை ரெண்டு வரியில தாண்டிட்டு பாசம் இல்லை பாசம் இல்லைன்னு பக்கம் பூரா ஓட்டுது.

இப்ப நம்ம ஆளுக்கு வருவோம். பாரதி 1904ல இதே மதுரையில சேதுபதி ஸ்கூல்ல தமிழ் வாத்தியாரா இருந்தவரு, பாப்பா பாட்டு பாடாத பிள்ளை நம்ம ஊர்ல கிடையாது, எனக்கு அவரு உசுரு. அவருக்குக் கல்யாணம் ஆனப்ப வயசு 14, செல்லம்மாவுக்கு 7. அதைப் பேசுறப்ப எல்லாரும் அந்தக் காலம் அப்படின்னு நிதானமா விளக்குறோம், விளக்கவும் வேணும். ஆனா சமைக்க வச்சிருந்த அரிசியை எடுத்து குருவிக்குப் போட்டுட்டு அவரு பாடுனாருன்னு மேடைக்கு மேடை சொல்லிக் கை தட்டுறோமே, அன்னைக்கு அந்த வீட்டுப் பிள்ளைக என்ன சாப்பிட்டுச்சுகன்னு யாரும் கேக்குறதில்ல. செல்லம்மா 1951ல திருச்சி ரேடியோவுல பேசுனப்ப, கவிஞனுக்குப் பொண்டாட்டியா இருக்குறது கஷ்டமான காரியம்னு வெளிப்படையாவே சொன்னாங்க. வீட்டைக் கவனிக்காத ஆம்பளைன்னா மேதை, அதே வேலையைப் பொம்பளை செஞ்சா அரக்கியா? ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல வார்த்தை டைப் அடிச்சு, 700 புத்தகத்துக்கு மேல எழுதி, தன் சம்பாத்தியத்துல நின்ன மனுஷியைப் பத்தி எழுதுறப்ப மட்டும் மொதக் கேள்வியே நீ நல்ல அம்மாவாங்குறதா இருக்கு. எனக்கே அந்தக் கேள்வி விழுந்திருக்கு, தன் பிள்ளையை விட்டுட்டு ஊர்ப்பிள்ளைக்குப் பாடம் எடுக்குறான்னு சொந்தக்காரங்களே சொல்லிருக்காங்க, அதனால எனக்கு இது சுருக்குன்னு தைக்குது.

உண்மையிலேயே இன்னைக்கு உள்ள பார்வையில கேக்கணும்னா பிளைட்டன் புத்தகத்துக்குள்ள இருக்குறதைக் கேளுங்க. கறுப்பு முகத்தோட இருந்ததால ஒருத்தருக்கும் பிடிக்காத சாம்போங்குற பொம்மை, மழையில முகம் வெளுத்ததும் எல்லாருக்கும் பிடிச்சதா ஆகுற கதை ஒண்ணு எழுதிருக்காங்க. நம்ம பிள்ளைக நிறத்துக்கு அந்தக் கதை எம்புட்டு வலிக்கும்! அந்தக் காலம் அப்படின்னு இதுல தப்பிக்க முடியாது, ஏன்னா அவங்க உசுரோட இருக்கையிலயே 1966ல கார்டியன் பத்திரிகையில இதைக் கண்டிச்சு எழுதிட்டாங்க. 1960ல அவங்க கையெழுத்துப் பிரதி ஒண்ணு வெளிநாட்டுக்காரங்களை மட்டமாக் காட்டுதுன்னு மேக்மில்லன் பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பிருக்கு. அம்மாவா எப்படி இருந்தாங்கங்குறது அந்த வீட்டு மூணு நாலு பேருக்குள்ள உள்ள விஷயம், இந்தப் பொம்மைக் கதை இன்னைக்கும் ஒரு பிள்ளை கையில போயி விழலாம். எங்கிட்ட வந்தா பக்கத்துல உக்காந்து பேசிட்டுத்தான் குடுப்பேன்.

நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகம் வந்ததுல இருந்து பிள்ளைக பிரிவுக்குக் கூட்டிட்டுப் போற அம்மா அப்பா நெறையப் பேரு, கட்டுரையைப் படிச்சுட்டு எதை எடுக்க விடலாம்னு குழம்பிப் போயிருக்காங்க, எங்கிட்டயே கேட்டாங்க. அதனால அடுத்த இணைப்புலயே ஜில்லியன் சொன்னதையும் சேத்துப் போடுங்க, அந்தப் பொம்மைக் கதையைப் பத்தியும் விவரமா எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, செல்லூர், மதுரை