பாய்மரப் படகின் முன்பாய் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

லங்காவியிலும் பினாங்கிலும் படகு வைத்திருக்கும் உங்களுக்கு எங்கள் பட்டறை புதிதல்ல. ஆகவே நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். "தானாகத் திரும்பும் ஜிப் போட்டுத் தருகிறேன் என்று வேலையைப் பிடித்துக்கொண்டு, புதுப் பாயையும் தலையில் கட்டுகிறார்கள், படகும் மெதுவாகிவிடுகிறது" என்று ஒரு பேச்சு சில வாரங்களாகச் சுற்றுகிறது. ஜிப் என்பது பாய்மரத்துக்கு முன்னால் கட்டும் பாய்; படகைத் திருப்பும்போது தானே மறுபக்கம் போவதுதான் தானாகத் திரும்பும் ஜிப். யார் கிளப்பியது என்று தெரியும். பெயர் சொல்வது நமக்கு வழக்கமில்லை.

படகு மெதுவாகிறது என்பதைப் பொறுத்துக்கொள்வேன். தலையில் கட்டுகிறோம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பழைய முன்பாயான ஜெனோவா, பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வரும் பெரிய பாய். தானாகத் திரும்பும் ஜிப்புக்கோ மரத்துக்கு முன்னால் குறுக்கே ஒரு டிராக் (தண்டவாளம் போன்ற பட்டை), அதில் ஓடும் ஒரு கார் (சிறு வண்டி), பாயை இழுத்துப் பிடிக்க ஒரே ஒரு ஷீட் கயிறு, அவ்வளவுதான். தீவுகளுக்கு நடுவே அடிக்கடி டாக் செய்யும்போது, அதாவது காற்றுக்கு எதிராகப் படகை மறுபக்கம் திருப்பும்போது, சுக்கானைத் திருப்பினால் போதும், கயிறு இழுக்கும் வின்சைத் தொட வேண்டியதில்லை. ஆனால் மரத்தைத் தாண்டும் பாய் மரத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும், மறுபக்கம் போகாது. அதனால்தான் சிறிய பாய் வேண்டும் என்கிறோம். பழையதை வெட்டிச் சிறிதாக்கலாமே என்கிறார்கள். துணி நன்றாக இருந்தவர்களுக்கு வெட்டியே கொடுத்திருக்கிறோம். வெயிலில் நூல் மக்கிப்போன பாயை வெட்டினால் குழிவு இடம் மாறும், அடுத்த பருவத்திலேயே கிழியும். அதற்கும் கூலி வாங்கியிருந்தால்தான் ஏமாற்று.

பின்னால் வந்த லகூன் 42 என்ற இரட்டையுடல் படகில் தொழிற்சாலையிலேயே இது வந்ததே என்று ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பாய்மரமே பின்தள்ளி நிற்கிறது, அதனால் முன்பாய்க்குத் தாராளமாக இடம் உண்டு. பழைய லகூன் 380-இல் மரம் முன்னால் நிற்கிறது. அதே பரப்புக்கு நாங்கள் எங்கே போவது? காற்று மெலிந்த நாளில் சிறிய பாய் கொஞ்சம் சோம்பத்தான் செய்யும். அதற்கு மெல்லிய காற்றுக்கான பெரிய, இலேசான பாயாக ஜெனக்கர் இருக்கிறது. பக்கக் காற்றில் ஷீட்டைத் தளர்த்தினால் பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொள்ளும் என்பதால், வெளியே இழுத்துப் பிடிக்க ஒரு துணைக் கயிறும் கணக்கில் சேர்க்காமல் போட்டுத் தருகிறோம்.

"நாலு ஸ்க்ரூ வேலைக்கு இத்தனை நாளா" என்றும் கேட்டார்களாம். டிராக்கின் வளைவு, பாயின் கீழ்முனை போகும் பாதையோடு ஒத்திருக்க வேண்டும்; நேராக வைத்தால் கார் ஓரத்துக்குப் போகாமல் நடுவிலேயே நிற்கும். தவிர, டிராக்கின் மேல் விழும் இழுவை மேல்நோக்கியது. கேபின் கூரையில் வெறுமனே ஸ்க்ரூ போட்டால் ஒரு பலத்த காற்றில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு துளையையும் அகலமாகக் குடைந்து, உள்ளிருக்கும் பால்சா என்ற இலேசான கட்டையைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸிப் பசை ஊற்றி, அது இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளையிட்டு, அடியில் தகடு கொடுத்து போல்ட் முறுக்குகிறோம். இப்படிச் செய்யாவிட்டால் நீர் இறங்கிக் கட்டை ஊறிவிடும். கூரை மெத்தென்று அமுங்கும்போதுதான் உங்களுக்கே தெரியும்.

ஃபைபர் வேலையில் கைதேர்ந்த நம் தம்பி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், நாங்கள் தடுக்கவில்லை. புது ஆள் பழகிவருகிறார். இதையொட்டி நவம்பர் முதல் கூலி சற்று மாறும், முன்பணம் திருப்பித் தரப்படாது; மற்றபடி எல்லாம் முன்போலத்தான்.

பேச்சு காதில் விழுந்ததும் தொலைபேசியில் அழைத்து "நாங்கள் இருக்கிறோம்" என்றவர்களுக்கும், தம் படகையே காட்டி அடுத்தவரை அனுப்பிவைத்தவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்தப் பட்டறையின் விளக்கு உங்களால்தான் எரிகிறது.

சந்தேகம் உள்ளவர்கள் வடகிழக்குக் காற்று தொடங்குவதற்குள் பழைய ஜெனோவாவோடு வாருங்கள். தரையில் விரித்து, உங்கள் முன்னாலேயே அளந்து, வெட்டலாமா கூடாதா என்று சொல்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்