சித்திரவதைக்கு ஒரு மாதக் கெடு வைக்காதீர்கள்

கௌரவ நீதி அமைச்சர் அவர்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு சட்டத்தரணி என் தம்பியின் கோப்பை மூடி என் பக்கமாக நகர்த்தி வைத்தார். நல்ல மனிதர். தேநீர் வரவழைத்துத் தந்த பிறகுதான் சொன்னார்: "காலம் கடந்துவிட்டது, அக்கா." இத்தனை ஆண்டுகளில் இதே வார்த்தையைச் சொன்ன நான்காவது சட்டத்தரணி அவர்.

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எவரையும் சித்திரவதை செய்யக்கூடாது என்று 11ஆம் உறுப்புரை சொல்கிறது. அவசரகாலத்தில்கூட அதற்கு விலக்கில்லை. என் தம்பியின் வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

2008 ஓகஸ்ட் மாதம், விடிவதற்கு முன்பு, படையினர் வீட்டுக்கு வந்து அவனைக் கொண்டுபோனார்கள். கைது செய்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியும் தரவில்லை. அவசரகால விதிகளின் கீழோ பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஜனாதிபதி 2006ஆம் ஆண்டிலேயே பணித்திருந்தார். நாங்களோ முகாம் முகாமாக அலைந்தோம். ஒவ்வொரு வாசலிலும் "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்ற பதில்தான். அவனைக் கண்ணால் கண்டது 52ஆவது நாள். இல்லாத ஒருவனுக்காக எந்த நீதிமன்றத்தில், யாருக்கு எதிராக, எந்தத் திகதியிலிருந்து நாங்கள் மனுப் போட்டிருக்க வேண்டும்?

அன்று சோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். பார்சலின் நூலை அவனால் அவிழ்க்க முடியவில்லை. இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் போட்டபடி பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தான். கைகளைப் பின்னால் கட்டித் தூக்கியிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அம்மா குழைத்து ஊட்டிவிட்டார். காவலுக்கு நின்ற பையனுக்கும் என் தம்பியின் வயதுதான் இருக்கும்; அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இன்றுவரை தம்பி சட்டையின் மேல் பொத்தானைத் தானே பூட்டியதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடுப்புக் கட்டளையைப் புதுப்பித்து 18 மாதங்கள் வைத்திருந்தார்கள். பின்னர், குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் அந்த 18 மாத உச்ச எல்லை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 12 மாதமாகக் குறைந்தது. அப்படியும், ஒருவரை ஓராண்டு அடைத்து வைக்க அரசுக்கு அனுமதி இருக்கிறது. அதற்குள் நடந்ததை முறையிட அவருக்கு ஒரு மாதந்தான்.

ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்பது எனக்குத் தெரியும். மனுதாரரால் வரவே முடியாத நிலை இருந்தது என்று கண்டு நீதிமன்றம் சில வழக்குகளில் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டதும் தெரியும். அந்தச் சிலருக்குள் நாங்கள் வரவில்லை. உரிமை என்று எழுதி வைத்ததை அதிர்ஷ்டம்போல் எதிர்பார்த்து எத்தனை காலம் நிற்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அலுவலகத்திலும் "அடித்தவர் பெயர் என்ன, பதவி என்ன?" என்று கேட்டார்கள். கண்ணைக் கட்டி வைத்திருந்தவனிடம் பெயர் கேட்டால் அவன் என்ன சொல்வான்? சப்பாத்துச் சத்தமும் ஒரு குரலும் அவனுக்கு நினைவிருக்கின்றன. 1994ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதை செய்தவருக்கு ஏழு முதல் பத்து ஆண்டு சிறை என்கிறது. ஆளை அடையாளம் காட்டாமல் அந்தச் சட்டத்தால் எங்களுக்கு என்ன பயன்? முகாம் அரசுடையது, சீருடை அரசுடையது, சம்பளமும் அரசுடையது. அடித்தவர் பெயர் தெரியாவிட்டாலும் அரசு பொறுப்பேற்க வேண்டும். நட்டஈட்டை உதவித்தொகையாகத் தராமல், தவறுக்கான கடனாகத் தர வேண்டும்.

இது வடக்கின் துயரம் மட்டுமல்ல. எண்பதுகளின் கடைசியில் ஜே.வி.பி.யினரை அடைத்துச் சித்திரவதை செய்த பட்டலந்த முகாம் பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கையை 2025 மார்ச்சில் உங்கள் அரசாங்கம் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தபோது நானும் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கட்சித் தோழர்கள் அனுபவித்தது பாராளுமன்றத்துக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அவர்களில் யாரால் ஒரு மாதத்துக்குள் மனுப் போட்டிருக்க முடியும்? எங்கள் பிள்ளைகளின் வலிக்கு மட்டும் ஏன் இந்த நாட்காட்டி? பொறுத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் எழுதுகிறேன்.

126ஆம் உறுப்புரையைத் திருத்த மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். 225 ஆசனங்களில் 159 உங்கள் அரசாங்கத்திடம் இருக்கின்றன. படையினரோ பொலிஸாரோ செய்த சித்திரவதைக்கும் சட்டவிரோதத் தடுப்புக்கும் இந்த ஒரு மாதக் கெடுவை நீக்குங்கள். ஏற்கெனவே காலம் கடந்தது என்று திருப்பப்பட்டவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கோப்பைத் திரும்ப அலுமாரியில் வைக்கவில்லை. மேசையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
யாழ்ப்பாணம்