மூக்கு பருத்ததற்குச் சென்சர் காரணமில்லை

ஆசிரியருக்கு,

கிளிநொச்சியில் கலியாண வீட்டுப் படம் பிடித்துப் பிழைக்கிறவன் நான். சென்சர், அதாவது கமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் தகடு, சிறிதென்றால் முகம் விகாரப்படும் என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த குறிப்பைப் படித்துவிட்டு, என்னோடு வேலைசெய்யும் தம்பி பெரிய சென்சருள்ள புல் பிரேம் கமரா வாங்கக் கடனுக்கு வெளிக்கிட்டான்.

அவனை இரணைமடுக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கமராவிலும் ஒரே 50 மில்லிமீற்றர் லென்ஸ். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. புல் பிரேமின் 36க்கு 24 மில்லிமீற்றர் சென்சரில் மருதமரமும் வான்கதவும் விழுந்தன. தம்பியின் கமராவிலுள்ள ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சரில் மரம் மட்டும், புல் பிரேமில் 75 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டதுபோல. பெரிய படத்தின் நடுவை வெட்டி வைத்துப் பார்த்தோம். மரத்துக்கும் அதன் பின்னால் தெரிந்த கரைக்கும் உள்ள அளவு இரண்டிலும் அச்சொட்டாக ஒன்றுதான். விளிம்பு வெட்டுப்படுகிறது, வேறொன்றுமில்லை.

மூக்கு பருப்பது தூரத்தால். கைபேசியை ஒரு சாணில் பிடித்தால் மூக்கு காதைவிட எவ்வளவோ கிட்ட நிற்கிறது. பருக்காமல் என்ன செய்யும்? பத்தடி பின்னுக்குப் போனால் எந்தக் கமராவும் முகத்தை முகமாகத்தான் காட்டும். எங்கள் மண்டபங்களில் பின்னுக்குப் போகச் சுவர் விடாது என்பது உண்மை. அங்கே தம்பியின் கமராவுக்கு, 50ஐவிட அகலமாகப் பிடிக்கும் 35 மில்லிமீற்றர் லென்ஸ் போதும்.

இரவுத் திருவிழாவுக்குப் பெரிய சென்சர் நல்லதுதான், அது வேறு கதை. தம்பி இப்போதைக்குக் கடன் படிவத்தை மடித்து வைத்திருக்கிறான்.

படப்பிடிப்பாளர் ஒருவர்,
கிளிநொச்சி.