பிராக் நகருக்குப் பயணிகளை அழைத்துச் செல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் மத்திய ஐரோப்பியச் சுற்றுலாக்களில் பிராக் நகருக்குப் பெரும்பாலும் ஒரே பகல்தான். கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம், பிறகு கடைத்தெரு. அந்தக் கடைத்தெரு நேரத்தைத்தான் கேட்கிறேன். அதை நெலஹோஸெவெஸ் என்ற சிற்றூருக்குக் கொடுங்கள்.

வல்தாவா ஆற்றின் இடக்கரையில், பிராக்கிற்கு வடக்கே இருக்கிறது. ரயிலில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1841 செப்டம்பர் 8 அன்று இசையமைப்பாளர் அந்தோனின் த்வோர்ஷாக் பிறந்தது இங்கேதான். தந்தை இறைச்சிக்கடைக்காரர், சத்திரமும் நடத்தினார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்த புனித அந்திரேயா தேவாலயம் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. வயலினில் முதல் பாடம் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம். 1850இல், சிறுவனுக்கு எட்டு வயதிருக்கும்போது, ஊர் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் உலகப் புகழ் வந்த பிறகும் பிராக் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின்களைப் பார்த்து நின்றவர் அவர். 1893இல் நியூயார்க்கில் அரங்கேறிய அவருடைய 'புதிய உலகிலிருந்து' சிம்பொனியைக் கேட்டவர்கள் உங்கள் பயணிகளிலும் இருப்பார்கள். அந்த மனிதர் பிறந்த வீடும் கோயிலும் தண்டவாளமும் ஆறும் இங்கே ஒரே நடையில் வந்துவிடுகின்றன. பெருநகரம் எதுவும் இப்படிச் சேர்த்துக் காட்டாது.

மேட்டின் மேல் மாளிகை. முதலாம் பெர்டினாண்ட் மன்னரின் அதிகாரி புளோரியன் கிரீஸ்பெக் 1553இல் கட்டத் தொடங்கியது. மேல்பூச்சைச் சுரண்டி வரைந்த சுவரோவியங்களை அருகில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 1618இல் பேரரசரின் கத்தோலிக்க ஆளுநர்களைப் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் தூக்கி வீசிய சன்னலை பிராக் கோட்டையில் உங்கள் வழிகாட்டிகள் தவறாமல் காட்டுகிறார்கள். விழுந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த போலிக்சேனா லோப்கோவிட்ஸ் என்ற பெருமாட்டிதான் 1623இல் இந்த மாளிகையை வாங்கினார். பாதியில் விட்ட கதையை இங்கே முடிக்கலாமே! நாஜிகளும் பின்னர் கம்யூனிஸ்ட் அரசும் பறித்துக்கொண்ட மாளிகை, 1990களில் அதே குடும்பத்திடம் திரும்பியது.

மாளிகையின் காலடியிலேயே ரயில் நிறுத்தம் இருப்பதால் தனி வண்டி வேண்டியதில்லை. மாளிகையும் த்வோர்ஷாக் வீடும் திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கோடைக்கான பயணத் திட்டத்தில் ஒரு குழுவுக்காவது இந்த அரை நாளைச் சேர்த்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு பயணி