அடையாளம் கேட்கும் மகளுக்கு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் சேர்ந்துதான் கேட்டோம். பாதியிலேயே அவர் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். உன் குரல் கம்மினால் அவருக்கு உடனே ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும், உனக்குத் தெரியாததா! போனில் பேசினால் நான் அதட்டுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ஆடிட் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, சனிக்கிழமை தோறும் போய்வருகிற அந்தச் சிறப்புக் குழந்தைகள் பள்ளியிலேயே சேர்ந்துவிடலாமா என்று கேட்கிறாய். "உள்மனசு போ போன்னு சொல்லுதும்மா. அது நிஜமாவே உள்மனசா, இல்ல வேலை அலுப்பான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சாமி ஒரு அடையாளம் காட்டினா போதும்" என்கிறாய். மணி 11:11 கண்ணில் பட்டால் பிரபஞ்சம் பதில் சொல்கிறது என்று யாரோ ரீல்ஸில் சொன்னதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாய். கண்ணு, 11:11 தினமும் இரண்டு தடவை எல்லார் வீட்டுக் கடிகாரத்திலும் வருகிறது. வாங்கின கடனைத் திருப்பித் தராதவன் வீட்டிலும் வருகிறது. அதை விடு.

உள்மனசைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். வாழ்நாளில் பாதியை வார்டில் நின்று கழித்தவள் நான்.

உனக்கு அப்போது மூன்று வயதிருக்கும். கத்திரி வெயில் நேரம், எனக்கு நைட் ட்யூட்டி. வயிற்றில் ஆபரேஷன் முடிந்த ஒருவர், வங்காளத்திலிருந்து வந்தவர். நம் ஊர் ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற லாட்ஜ்களில் எத்தனை போர்டு வங்காளியில் இருக்கும், பார்த்திருக்கிறாயே. அப்படி ஒரு லாட்ஜில் பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்திருந்தார். சாயங்காலம் முழுக்க "பானி, பானி" என்று எங்களைப் பாடாய்ப் படுத்தினார். ஆபரேஷன் ஆனவருக்கு உடனே தண்ணீர் தரக்கூடாது என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. நடு ராத்திரிக்கு மேல் சத்தம் அடங்கிவிட்டது. என்னோடு ட்யூட்டியில் இருந்த சின்னப் பெண், "இப்பத்தான் கண் அசந்தார் சிஸ்டர், விடுங்க" என்றாள். சார்ட்டைப் பார்த்தேன். பிபி சரி, ஜுரம் இல்லை. நாடி கொஞ்சம் கூடுதல், வலிக்கு அது சகஜம். ஆனாலும் எனக்கு அங்கிருந்து நகரப் பிடிக்கவில்லை. அவர் கட்டைவிரல் போர்வை ஓரத்தை நெருடிக்கொண்டே இருந்தது. தூங்குகிறவன் கை அப்படிச் செய்யாது. பாதத்தைத் தொட்டேன். மின்விசிறி அனல் காற்றை வாரி இறைக்கிற அந்த வேலூர் ராத்திரியில், பாதம் ஜில்லென்று இருந்தது. ஒரு நிமிஷம் முழுசாக நின்று மூச்சை எண்ணினேன். 28.

டாக்டரை எழுப்பினேன். "பிபி எவ்வளவு?" "நார்மல் டாக்டர்." "அப்புறம் என்ன சிஸ்டர்?" "எனக்குப் பிடிக்கல டாக்டர், ஒரு தடவை வந்து பாருங்க." வந்தார். விடிவதற்குள் தியேட்டருக்கு எடுத்துப் போனார்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த மனுஷன் தையல் பிரித்து, பெண்டாட்டியோடு காட்பாடியில் ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள், எனக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே ரத்தம் போனால் உடம்பு கை கால் குழாய்களைச் சுருக்கி, இருப்பதை மூளைக்கும் இருதயத்துக்கும் திருப்பிவிடும். அதனால் பிபி கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிக்கும். பாதம்தான் முதலில் குளிரும், மூச்சு முன்னாலேயே வேகமெடுக்கும். எத்தனை ஆயிரம் பாதங்களைத் தொட்ட கை இது! கை கணக்குப் போட்டு முடித்துவிட்டது, வாய்க்குத்தான் சொல்லத் தெரியவில்லை. இதனால்தான் பல நாடுகளில் ஆஸ்பத்திரி அவசரக் குழுவைக் கூப்பிடுவதற்கான விதிகளிலேயே, நாடி, பிபி எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் "செவிலியருக்குக் கவலையாக இருக்கிறது" என்ற ஒரு காரணம் போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் கூப்பிட்ட எல்லாத் தடவையும் ஏதாவது இருந்ததா என்றால் இல்லை. பல தடவை டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கொட்டாவி விட்டபடி போயிருக்கிறார். அதனால் போனது அவர் தூக்கம்தான். கூப்பிடாமல் விட்டால் போவது உயிர்.

ரிட்டயர் ஆவதற்கு முன்னால் ஒரு வகுப்பில் கேட்டது இது. டேனியல் கானமன், கேரி கிளைன் என்று இரண்டு மனோதத்துவ நிபுணர்கள். ஒருவர் மனசின் தீர்ப்பைச் சந்தேகித்தே பெயர் வாங்கியவர், மற்றவர் தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை மெச்சி எழுதியவர். 2009-ல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று மறுபடி மறுபடி தெரிந்துகொள்ள வாய்ப்பும் வேண்டும். இரண்டும் இருக்கிற இடத்தில்தான் உள்ளுணர்வை நம்பலாம். இல்லாத இடத்தில் மனசு எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அந்த உறுதிக்கு மதிப்பில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வா. ஒரு கம்பெனியின் கணக்கைப் புரட்டும்போது "இதில் ஏதோ இடிக்குது" என்று உனக்குத் தோன்றினால், கண்ணை மூடிக்கொண்டு நம்பு. காலேஜ் முடித்ததிலிருந்து அதைத்தானே பார்க்கிறாய். அந்தப் பள்ளியிலும், ஒரு குழந்தை அழப்போகிறதா, கடிக்கப்போகிறதா என்று உனக்கு முன்கூட்டியே தெரிகிறது என்றாயே, அதையும் நம்புகிறேன். ஆனால் "அங்கேயே காலம் முழுக்க இருந்தால் நான் சந்தோஷமாக இருப்பேன்" என்று மனசு சொல்வது வேறு ரகம். அதை நீ ஒரு தடவையும் வாழ்ந்து பார்த்ததில்லை. அது ஆசை. ஆசை தப்பில்லை, அதற்கு உள்மனசு என்று பெரிய பட்டம் கட்டாதே. சனிக்கிழமைக் குழந்தைகள் வேறு, திங்கட்கிழமைக் குழந்தைகள் வேறு. ஒரு மாசம் லீவு போட்டுவிட்டு முழுசாகப் போய் இரு. மழை நாளில், பாதி டீச்சர்கள் வராத நாளில், அங்கே உட்கார்ந்து பார்.

மனசிடம் கேட்கவே கூடாத கேள்விகளும் உண்டு. வண்டிக் கடன் இன்னும் எத்தனை மாசம், கையில் எவ்வளவு சேமிப்பு, இதையெல்லாம் பாஸ்புக்கிடம் கேள். சிறப்புக் கல்வி ஆசிரியராக வேலை செய்ய அதற்குரிய படிப்பு வேண்டும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். 1992-லிருந்து சட்டமே இருக்கிறது. எந்தப் படிப்பு, எத்தனை வருஷம், வேலையில் இருந்துகொண்டே படிக்க முடியுமா என்று விசாரி. இதில் சாமியை இழுக்காதே.

அப்படியானால் சாமி எதற்கு என்பாய். என் பாட்டி, அதுதான் ஆயா, அவள் கதையைச் சொல்கிறேன்.

என்னை நர்சிங் படிக்க அனுப்பலாமா என்று வீட்டில் பெரிய ரகளை. "பொட்டப்புள்ள ராத்திரி வேலைக்குப் போறதா?" என்று மாமா குதித்தார். ஆயா யாரிடமும் பேசாமல் என்னை அம்மன் கோயிலுக்கு இட்டுக்கொண்டு போனாள். வெள்ளைப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து நாரால் கட்டி, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டாள். வெள்ளை வந்தால் அனுப்பலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கோயிலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொன்னாள். பிரித்தால் சிவப்பு. ஆயா அசரவில்லை. "இன்னாடா இது, கை தடுமாறிடுச்சு உனக்கு. இன்னொரு தபா எடு" என்றாள். இரண்டாவது தடவை வெள்ளை. நேராக வீட்டுக்கு வந்து, "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா, இனிமே யாரும் வாய் தொறக்கக் கூடாது" என்றாள். மாமா திறக்கவில்லை.

நீ சிரிப்பாய், நானும் சிரித்திருக்கிறேன். என்னை அனுப்பலாமா என்பதை ஆயா எப்போதோ முடிவு செய்துவிட்டாள். பிரசவம் பார்க்கப் போய்ப் போய், எந்தப் பெண்ணுக்கு அந்த வேலை தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். பூ அதற்கில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி ஒரு வீடு எத்தனை நாள் சண்டை போடும்? பூ அந்தப் பேச்சை முடித்து வைத்தது. ஹாஸ்டலில் முதல் வாரமே ரத்தம், சீழ், மூத்தவர்கள் அதட்டல் எல்லாம் பார்த்து ஓடி வந்துவிடத் துடித்தேன். அப்போது என் உள்மனசு "போ, போ" என்றுதான் சொன்னது, வீட்டுக்கு. ஆயா வாசலிலேயே நின்று, "பூ குடுத்தாச்சு, போடி" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

நம் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், இங்கே எல்லாருக்கும் தெரிந்த அவள் கதையையும் இப்படித்தான் நான் பார்க்கிறேன். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வெவ்வேறு நேரம் வந்து, பிரசவ வேதனையில் இருக்கிற மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை, டாக்டரான அவள் அப்பா வருகிறேன் என்றபோது, ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் செத்துப்போயிருந்தார்கள். திண்டிவனத்தில் நடந்தது. அந்த ராத்திரியே கடவுளின் அழைப்பு வந்தது என்று எல்லாரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அவள் 1870-ல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவள், டாக்டர் குடும்பத்தில் வளர்ந்தவள். ஒரு பெண் டாக்டர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அழைப்பு வந்ததும் ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் இல்லை. அமெரிக்கா போய்ப் படித்து 1899-ல் டாக்டரானாள். 1900-ல் வேலூர் வந்து சேர்ந்த சில மாசத்திலேயே, கூட நின்று சொல்லிக்கொடுக்க வேண்டிய அப்பா இறந்துவிட்டார். எனக்கு மூன்று பேர் கதவைத் தட்டியதைவிட இதுதான் பெரிசாகத் தெரிகிறது. கைக்குழந்தை மாதிரி ஒரு வைத்தியசாலை, துணைக்கு ஆள் இல்லை, இனி என்ன என்று சொல்ல யாரும் இல்லை. அங்கே உள்ளுணர்வு எதைச் சொல்லும்? நம்பிக்கையை வைத்துத்தான் நடந்திருப்பாள். 1902-ல் ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று அது வளர்ந்ததெல்லாம் பிறகு வந்த கதை. 1900-ல் அவளுக்கு அது தெரியாது.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற நம் ஜலகண்டேசுவரர் கோயிலும் நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாள் வரைக்கும் மூலவர் இல்லாமல்தான் இருந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981 மார்ச் 16-ந் தேதிதான் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு முன்னாலும் ஆயா கோட்டைப் பக்கம் போனால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "உள்ள சாமியே இல்லையே ஆயா" என்பேன். "அதுக்கு?" என்பாள். அவ்வளவுதான் அவள் வேதாந்தம். எனக்குக் காலையில் வார்டில் ஜெபம், சாயங்காலம் கோட்டைக் கோயில். இரண்டு இடத்திலும் எனக்கு ஓர் அடையாளமும் வந்ததில்லை. அதை எதிர்பார்த்து நான் போகவும் இல்லை. அடுத்த ட்யூட்டிக்குப் போகத் தெம்பு கிடைத்தது, போனேன்.

ஆகவே, தெரிந்துகொள்ள முடிந்ததையெல்லாம் முதலில் தெரிந்துகொள். லீவு கேள், படிப்பை விசாரி, கணக்கைப் போடு. கணக்கில் உன்னை மிஞ்ச ஆள் யார்? அதற்கப்புறமும் தெரியாத ஒரு பகுதி மிச்சம் நிற்கும். அது இந்த வேலையிலேயே இருந்தாலும் நிற்கும். அந்தப் பகுதிக்கு வேண்டுமானால் இங்கே வா, நானே இலையில் பூ மடித்துத் தருகிறேன். ஆனால் ஆயா மாதிரி இரண்டாம் தடவை எடுக்க விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

அப்பா இரண்டு விஷயம் எழுதச் சொன்னார். வண்டி இன்சூரன்ஸ் இந்த மாசத்தோடு முடிகிறதாம், கட்டிவிடு. வேலையை விட்டாலும் மெடிக்கல் இன்சூரன்ஸை விட்டுவிடாதே, கம்பெனி பாலிசி போவதற்குள் சொந்தமாக ஒன்று எடுத்துவிட வேண்டுமாம். நீ வருகிற வாரத்தை முன்கூட்டியே சொல், இலவம்பாடி முள் கத்தரிக்காய் வாங்கி வைக்கிறேன். போன தடவை மாதிரி ராத்திரி வந்து இறங்கிவிட்டு, காலையில் சந்தைக்கு ஓடச் சொல்லாதே.

இப்படிக்கு,
அம்மா