ஏணிக்கு மேலே இருப்பவர்களையும் கணக்கில் எடுங்கள்: தாராவி வாடகைக்காரர்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
கூடுதல் தலைமைச் செயலாளர் அவர்கள்,
வீட்டு வசதித் துறை, மகாராஷ்டிர அரசு,
மந்திராலயா, மும்பை.

அனுப்புநர்:
தாராவியில் மேல்மாலாவில் (கீழ்வீட்டுக்கு மேலே கட்டிய ரூமில்) வாடகைக்குக் குடியிருப்பவர்கள்.

பொருள்: தாராவிக் குடிசைகளை இடித்துக் கட்டும் மறுசீரமைப்பில் வீடு இடிபடும்போது கொடுக்கும் வாடகைப் பணம் வாடகைக்காரர் கைக்கும் வர வேண்டும், அரசே வைத்து நடத்தும் வாடகை வீடுகள் தாராவிக்குள்ளேயே வேண்டும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் அலுவலகத்தில் நாங்கள் கொடுக்கப்போவது இந்த மனுவின் மராத்திப் பிரதி. முதலில் தமிழில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள்.

நான் இட்லி வியாபாரம் செய்பவள். 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், இரும்பு ஏணி ஏறிப் போனால் வரும் பத்துக்குப் பத்து ரூம்தான் எங்கள் வீடு. கீழே வீட்டுக்காரம்மா, மேலே நாங்கள் ஐந்து பேர். ராத்திரி 2 மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால்தான் 5 மணிக்கு என் கணவர் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, மாட்டுங்கா, தாதர் பக்கம் ஹாரனை அமுக்கியபடி போக முடியும். 9 மணிக்குள் விற்றுவிட்டால் சந்தோஷம், விற்காவிட்டால் மதியச் சாப்பாடும் எங்களுக்கு இட்லிதான். இதே சந்துக்குள் மூன்று ரூம் மாறி 16 வருடம் ஆகிவிட்டது. முதலில் கொடுத்த வாடகை 1,500 ரூபாய், இப்போது 6,500, டெபாசிட் தனி.

தாராவி மறுசீரமைப்பில் யாருக்கு என்ன கிடைக்கும் என்று அரசு சொன்னதை நாங்கள் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தள வீட்டுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தள வீட்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. அதற்கும் பிந்தி வந்தவர்களுக்கும், 2022 நவம்பர் 15க்கு முன்பிருந்த மேல்மாலாக்காரர்களுக்கும் வெளியே வாடகை வீடு, வாடகை கட்டிக்கொண்டே வந்து பிறகு சொந்தமாக்கிக்கொள்ளலாம். சரி, மேல்மாலா என்ற வார்த்தையாவது அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருக்கிறதே என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது: மேல்மாலாக்காரர் என்றால் யார்? தினமும் ஏணி ஏறி அங்கே படுத்துத் தூங்குகிறவரா, அந்த மாலாவைக் கட்டி வாடகைக்கு விட்டவரா? எங்கள் ரூமுக்குத் தனி மீட்டர் கிடையாது, கீழ்வீட்டுக் கரண்ட் பில்லில் பாதியைக் கொடுக்கிறோம். வாடகை ரொக்கமாகப் போகிறது. ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காகிதத்தில் தேடினால் நாங்கள் இந்த ஊரிலேயே இல்லை.

வீட்டுக்காரம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கணவர் போன பிறகு எங்கள் வாடகையில்தான் அவர் பாடு ஓடுகிறது, என் பிள்ளைகள் இரண்டும் அவர் மடியில் வளர்ந்ததுகள். ஆனால் அக்ரிமெண்ட் கேட்டபோது, "எழுதிக் கொடுத்தா நாளைக்கு மாலா உன்னுதுன்னு ஆயிடுமேடி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. 1999ஆம் வருடத்து மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 55ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு, பதிவு செய்யாவிட்டால், மாறாக நிரூபிக்கப்படாத வரை, வாடகைக்காரர் சொல்லும் நிபந்தனைகளே எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை நம்பி நான் கோர்ட்டுக்குப் போனால் அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது? பக்கத்துச் சந்தில் ஒருவர், பத்து வருடமாகக் குடியிருந்த குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, மறுசீரமைப்புக் கணக்கில் பேர் சேர்ப்பதற்கென்று சொந்தக்காரப் பையனைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் என்று நீங்கள் வைத்தால், ஏணிக்குக் கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் சண்டைதான் போட வேண்டியிருக்கும். இருவரையும் தனித்தனியாகக் கணக்கில் எடுத்தால் சண்டைக்கே வேலை இல்லை.

முதல் கோரிக்கை வாடகைப் பணம் பற்றியது. குடிசைச் சீரமைப்பில் வீடு இடிபட்டால் புது வீடு வரும் வரை வீட்டுக்காரருக்கு டிரான்சிட் கேம்ப்போ (தற்காலிகக் குடியிருப்போ) மாத வாடகைப் பணமோ உண்டு. அதுவும் சுலபமாக வந்ததில்லை; என் நாத்தனார் குடும்பம் வேறொரு பகுதியில் பில்டரை நம்பி வீட்டைக் காலி செய்துவிட்டு, முதல் வருடத்தோடு வாடகை செக் நின்றுபோய், இரண்டு வருடம் கடன் வாங்கி வாடகை கட்டியது. இந்த மாதிரிப் புகார்கள் குவிந்துதான், 2 வருட வாடகையை பில்டர் முன்கூட்டியே கட்ட வேண்டும், 3ஆம் வருடத்துக்கு வரப்போகும் தேதி போட்ட செக் கொடுக்க வேண்டும் என்று எஸ்.ஆர்.ஏ. (குடிசைச் சீரமைப்பைக் கவனிக்கும் அரசு ஆணையம்) விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் நாத்தனார் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த தர்மபுரிக் குடும்பத்துக்கு அந்த முதல் வருடச் செக்கும் கிடையாது, டெபாசிட்டைத் திருப்பி வாங்கவே நாலு மாதம் அலைந்தார்கள். இடிந்தது ஒரே கட்டடம்தான்.

பணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். நாங்களாக ஒரு தொகையை இழுத்துவிடவில்லை. தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்திலிருந்து அப்புறப்படுத்தி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் மாகுலில் கொண்டுபோய் வைக்கப்பட்ட குடும்பங்களின் வழக்கில், அங்கே காற்று மோசம், வேறு இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் டெபாசிட்டும் கொடுங்கள் என்று 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தொகையை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது 2019 கணக்கு என்பதையும் மறக்காதீர்கள். ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான குடும்பம் சயான், குர்லா, மான்கூர்டு என்று ரூம் தேடிப் போனால் வாடகை நின்ற இடத்தில் நிற்காது. வாடகைச் சட்டமே வீட்டுக்காரருக்கு வருடம் 4 சதவீதம் ஏற்ற அனுமதி கொடுக்கிறது, எங்களுக்குக் கொடுக்கும் பணமும் வருடாவருடம் ஏற வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு மும்பையில் வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 2024 ஜனவரி முதல் 27 சதவீதத்திலிருந்து அப்படி ஏற்றினார்கள். விலைவாசி ஏறினால் வாடகைப்படியும் ஏற வேண்டும் என்பது உங்களுக்குப் புதிய விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பணம் வாடகைக்காரர் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும், முடிந்தால் வீட்டுப் பெண்ணின் பேரில். யார் குடியிருந்தார் என்று தெரிந்துகொள்ள ஒப்பந்தம் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, ரேஷன் கார்டு, கேஸ் ரசீது, பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரிச் சீட்டு, வாக்காளர் அட்டை எல்லாமே முகவரி சொல்லும். எதுவும் இல்லாதவருக்கு அக்கம்பக்கத்தில் நாலு பேர் சாட்சி சொல்லட்டும்.

இரண்டாவது, வீடுகள். சொந்த வீடு எல்லோருக்கும் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு வேண்டியது கட்டக்கூடிய வாடகையில், நாளைக்குக் காலி பண்ணு என்று யாரும் சொல்லாத ஒரு ரூம், அதுவும் வேலை இருக்கிற இடத்தில். இது மும்பைக்குப் புதிது இல்லை. 1920களில் அரசாங்கம் கட்டிய பி.டி.டி. சால்கள் (வரிசையாக ஒற்றை ரூம்கள் உள்ள வாடகைக் கட்டடங்கள்) வொர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க், சிவ்ரி என்று 207 கட்டடம். ஒரு ரூம் 160 சதுர அடி, அரசாங்கத்துக்கு வாடகை கட்டி மில் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். இப்போது அவற்றை இடித்துக் கட்டி, 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீட்டுச் சாவி கொடுத்தீர்கள், டிவியில் பார்த்தோம், மனதுக்கு நிறைவாக இருந்தது. அவர்களும் வாடகைக்காரர்கள்தானே ஐயா. அவர்கள் வாடகை கொடுத்தது அரசாங்கத்துக்கு, நாங்கள் கொடுப்பது வீட்டுக்காரம்மாவுக்கு, வித்தியாசம் அவ்வளவுதான்.

2008இல் எம்.எம்.ஆர்.டி.ஏ.வும் (மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையம்) 160 சதுர அடி வாடகை வீடு என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பல வீடுகள் கடைசியில் வாடகைக்குப் போகவில்லை, வேறு திட்டங்களில் வீடு இழந்தவர்களை வைக்கவும் டிரான்சிட்டுக்கும்தான் போயின. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. வாடகை வீடு என்று கட்டினால் அது விற்பனைக்குப் போகாமல் வாடகை வீடாகவே இருக்க வேண்டும், ஒருவர் காலி செய்தால் அடுத்த வாடகைக்காரருக்குப் போக வேண்டும். மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையே, நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961இல் 54 சதவீதமாக இருந்தது 2011இல் 28 ஆகிவிட்டது என்கிறது. அதே அறிக்கை மும்பையில் சுமார் 4.8 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடப்பதாகவும் சொல்கிறது. வீடே இல்லாமல் இல்லை, எங்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு இல்லை.

இடம் பற்றி ஒரு வார்த்தை. தாராவிக்காரர்களுக்கு வீடு கட்ட தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்கியிருக்கிறீர்கள். 1927 முதல் ஊர்க் குப்பை கொட்டிய இடம் அது. சுத்தம் செய்துதான் கட்டுவோம் என்கிறீர்கள், நம்பியே வைத்துக்கொள்வோம். ஆனால் என் இட்லி தேவ்னாரிலிருந்து மாட்டுங்காவுக்கு எப்படிப் போகும்? சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் மிதித்தால் என் கணவர் முழங்கால் ஒரு மாதம் தாங்காது, அதற்குள் இட்லியும் ஆறிப்போகும். ஆறின இட்லியை மும்பையில் எவரும் வாங்குவதில்லை. முறுக்குச் சுடுகிறவர், தோல்பை தைக்கிறவர், சயான் பக்கம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், எல்லோருக்கும் இதே கதைதான். ஆகவே வாடகை வீடுகளில் ஒரு பங்காவது தாராவிக்குள்ளேயே கட்டப்பட வேண்டும். 350 சதுர அடி வேண்டாம், அதில் பாதி கொடுத்தாலும் போதும், தண்ணீரும் கக்கூஸும் உள்ளே இருந்தால் சரி.

இந்த மனு கிடைத்ததற்குப் பதிவு எண் கொடுங்கள். இடிப்பதற்கான அடுத்த நோட்டீஸ் வருவதற்கு முன்னால் வாடகைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போடுங்கள். உங்கள் ஆட்கள் நேரில் வந்து பார்க்க விரும்பினால் மதியம் 12 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், காலையில் வந்தால் பாதிப் பேர் ரோட்டில் இருப்போம். ஏணி கொஞ்சம் ஆடும், பிடித்துக்கொண்டு ஏறச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாராவி 90 அடி சாலைப் பக்கம் மேல்மாலாவில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் தனித்தாளில்)