ஸ்கோர் ஷீட்டில் இல்லாத பந்துகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் அடுத்த ஆண்டுவிழா அணிக்கு வாக்களிக்கப்போகும் நிருபர்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. பள்ளி நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் சென்டராக, அதாவது ரிங்குக்குக் கீழே நின்று ஆடுகிறவனாக, ஆடினேன். முழங்கால் போன பிறகு மாவட்டப் போட்டிகளில் டேபிளில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுகிறேன். 2021-இல் என்பிஏ-வின் 75-ஆம் ஆண்டுக்காக வெளியான மிகச் சிறந்த வீரர்கள் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். கடைசி இடத்துக்கு வாக்குகள் சமமாக விழுந்ததால் 76 பெயர்கள் வந்தன. சென்டர்களை நாம் எதை வைத்து எடைபோடுகிறோம் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அடுத்த பட்டியல் தயாராவதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் எங்கள் டேபிளில் நடந்த ஒன்று. இரவு ஆட்டம், சிமென்ட் கோர்ட். ஒரு அணியின் சென்டருக்குப் பதினெட்டு வயது இருக்கும். ரிங்குக்குக் கீழே நின்றுகொண்டு எதிரணியை உள்ளேயே விடவில்லை. இரண்டாம் குவார்ட்டரில் மட்டும் ரிங்குக்குப் பக்கத்தில் வந்து எறிந்த மூன்று லே-அப்களைத் தட்டிவிட்டான். அதன் பிறகு எதிரணியின் கார்டுகள், அதாவது வெளியிலிருந்து பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரர்கள், வேகமாக உள்ளே வருவார்கள், அவன் ஓர் எட்டு முன்னால் வைப்பான், அவர்கள் பந்தை மறுபடி வெளியே கொடுத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அவனுடைய கோச் வந்து, "நம்ம பையன் கணக்கு என்ன சார்?" என்று கேட்டார். ஷீட்டைத் திருப்பிக் காட்டினேன். நான்கு பாயின்ட், மூன்று ஃபவுல். பாயின்ட், ஃபவுல், டைம்-அவுட் தவிர எங்கள் ஷீட்டில் எதற்கும் இடமில்லை. கையில் படாமல் சுத்தமாகத் தட்டிய ஆறு பந்துகளுக்குக் கட்டமே கிடையாது. கை பட்ட மூன்றுக்குத்தான் கட்டம் இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் போனார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பாஸ்டன் அணியின் சென்டர் பில் ரஸ்ஸலுக்கு உங்கள் பதிவேட்டில் நேர்ந்திருப்பதும் இதுதான்.

எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடும் பிளாக்குகளை என்பிஏ அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1973-74 பருவத்தில். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969-இல். அவருடைய காலத்து இன்னொரு பெரிய சென்டரான வில்ட் சேம்பர்லின் கடைசியாக ஆடியது 1973-இல். இருவர் பெயருக்கும் நேராக, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு அடுத்து வந்த சென்டர் கரீம் அப்துல் ஜப்பாருக்கும் முதல் நான்கு ஆண்டுகள் அப்படியே போயின. வாழ்நாள் பிளாக் கணக்கில் 3,830 என்று ஹக்கீம் ஒலாஜுவன் முதலிடத்தில் இருக்கிறார், 3,189 என்று கரீம் மூன்றாவதாக இருக்கிறார். இருபத்திரண்டு வயதிலிருந்து இருபத்தாறு வரை, கால்கள் மிக லேசாக இருந்த காலத்தில் அவர் தட்டிய பந்துகள் அந்த 3,189-இல் சேரவில்லை. ஹக்கீம் மீது எனக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. ஆனாலும் 1973 என்ற கோட்டின் இரண்டு பக்கத்திலும் நிற்கிறவர்களை ஒரே அட்டவணையில் போட்டு "இவரே அதிகம்" என்று சொல்வது நியாயமாகாது.

இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் இப்படித்தான். எத்தனை முறை வாங்கினார் என்று பலர் எண்ணிப் பார்க்கிறீர்கள். அந்த விருதே 1969-இல்தான் தொடங்கியது, அதாவது ரஸ்ஸலின் கடைசித் தொடரில். அந்த முதல் விருதும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. ஆக, பதினொரு பட்டம் வென்றவருக்கு அந்த விருது பூஜ்யம். 2009 முதல் அந்த விருதே அவர் பெயரால் வழங்கப்படுகிறது என்பதை அட்டவணை பார்க்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரஸ்ஸல் எப்படித் தட்டுவார் என்பதைப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அவர் இடதுகைக்காரர். வலது கையால் எறிகிறவருக்கு எதிரே நிற்கும்போது அவருடைய நல்ல கை நேராகப் பந்துக்கு எதிரே இருக்கும். எதிராளியின் கால் தரையை விட்டுக் கிளம்பும்வரை இவர் கிளம்ப மாட்டார். பிறகு கிளம்பி, பந்தை ஓங்கி அடிக்காமல் விரல் நுனியால் மேலே தட்டிவிடுவார். அது அவர் கைக்கே திரும்பி வரும், இல்லையென்றால் தம் ஆள் கைக்குப் போகும். அடுத்த நொடி அவர் அணியின் கார்டு பாப் கூசி, எதிரணி திரும்புமுன் பாயும் ஃபாஸ்ட் பிரேக்கில் ஓடிக்கொண்டிருப்பார். பார்வையாளர் வரிசையில் போய் விழும்படி அறைகிற பிளாக்குக்குக் கைதட்டல் அதிகம்தான், ஆனால் பந்து எதிரணிக்கே திரும்பக் கிடைக்கும். இன்றைய அட்டவணையில் இரண்டும் ஒன்று என்றே பதிவாகும். சென்டர் இடத்தில் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒன்றல்ல.

வில்டின் எண்கள் மலைக்க வைப்பவை. 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் நியூயார்க் அணிக்கு எதிராக 100 பாயின்ட். அந்தப் பருவம் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரி 50.4. 1960-இல் ரஸ்ஸலின் அணிக்கு எதிராகவே ஒரே ஆட்டத்தில் 55 ரீபவுண்ட், அதாவது ரிங்கில் விழாமல் திரும்பிய பந்துகளைப் பிடித்தது. இந்த மூன்றையும் வேறு எவரும் எட்டவில்லை. ஆனால் 1961-62-இன் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆட்டத்துக்கு 18.9 பாயின்ட் எடுத்த ரஸ்ஸலுக்குப் போனது. அந்தக் காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் வீரர்கள். இரவு இரவாக இருவரோடும் மோதி, விலா நொந்து, பஸ்ஸிலும் விமானத்திலும் ஊர் திரும்பியவர்கள். அதே பருவத்தின் சிறந்த ஐவர் அணியில் நிருபர்கள் வில்டை முதல் அணியிலும் ரஸ்ஸலை இரண்டாம் அணியிலும் வைத்தார்கள். டேபிளுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒன்று சொன்னார்கள், கோர்ட்டுக்குள் இருந்தவர்கள் வேறு சொன்னார்கள். இரண்டு தரப்பும் இன்று உங்கள் வாக்காளர் குழுவில் இருக்கிறீர்கள். ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள்.

வில்டைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. அவர் வாழ்க்கையே என் பக்கம் சாட்சி சொல்கிறது. ஐம்பது எடுத்த ஆண்டில் பட்டம் இல்லை. 1966-67-இல் எறிவதைக் குறைத்து, பந்தைப் பங்கிட்டு, ஆட்டத்துக்கு 24 பாயின்ட் எடுத்தார். பிலடெல்ஃபியா அணி ரஸ்ஸலின் பாஸ்டனை 4-1 என்று வீழ்த்திப் பட்டமும் வென்றது. 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சராசரி 15-க்கும் கீழே, மறுபடி பட்டம். எண் குறைந்தபோது அவர் பெரிய சென்டர் ஆனார் என்பது என் உறுதியான எண்ணம்.

ரஸ்ஸலுக்குப் பக்கத்தில் கூசி இருந்தார், சாம் ஜோன்ஸ் இருந்தார், ஹாவ்லிசெக் இருந்தார், எட்டு ஒன்பது அணிகள் கொண்ட சிறிய லீக்கில் யாரும் வென்றிருப்பார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பட்டங்களை எண்ணி மட்டும் முதலிடம் கொடுப்பதை நானும் ஏற்கவில்லை. ஆனால் ரஸ்ஸல் வருவதற்கு முன் கூசி இருந்த பாஸ்டன் அணி ஒரு தடவைகூட இறுதித் தொடரை எட்டவில்லை. அவர் வந்த முதல் பருவத்திலேயே, 1957-இல், பட்டம். 1958 இறுதித் தொடரின் நடுவில் அவருக்குக் கணுக்கால் பிசகியது, அணி தோற்றது. பதின்மூன்று பருவங்களில் அவர் அணி பட்டத்தைத் தவறவிட்டது அந்த ஆண்டும் 1967-உம் மட்டுமே. 1969-இல் அவர் போனார், அடுத்த பருவத்தில் பாஸ்டன் 34 வெற்றி, 48 தோல்வி, பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. சாம் ஜோன்ஸும் அதே ஆண்டு விலகினார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் கடைசி மூன்று பருவங்களில் அணிக்குக் கோச்சும் ரஸ்ஸல்தான். அந்த இடைவெளியை எந்த அட்டவணையிலும் நிரப்ப முடியாது.

எண்களுக்கு வெளியே இன்னொரு சாட்சி இருக்கிறது, விதிப் புத்தகம். என்பிஏ-வின் தொடக்க காலச் சென்டர் ஜார்ஜ் மைக்கன் ரிங்குக்குக் கீழே நின்றால் யாராலும் நகர்த்த முடியவில்லை. அதனால் 1951-இல் ரிங்குக்கு முன்னால், பந்து வைத்திருக்கும் அணியினர் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாத, ஆறடி அகலமிருந்த தடத்தைப் பன்னிரண்டு அடியாக்கினார்கள். வில்ட் வந்த பிறகு 1964-இல் அதைப் பதினாறு அடியாக்கினார்கள். கரீம் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோது, 1967-இல், கல்லூரி ஆட்டத்தில் பந்தை ரிங்குக்குள் மேலிருந்து அறையும் டங்க் அடிப்பதையே தடை செய்தார்கள். அவர் அதனால் தளரவில்லை. கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வளைத்து எறியும் ஸ்கை ஹூக்கைக் கூர்மையாக்கிக்கொண்டு வந்தார். 1971-இலும் 1985-இலும் இறுதித் தொடரின் சிறந்த வீரராக நின்றார், நடுவே பதினான்கு ஆண்டுகள். இன்றைய இளைஞர்கள் மைக்கனின் கண்ணாடியையும் பழைய எறிதல்களையும் பார்த்துவிட்டு ஒதுக்குகிறார்கள். கோர்ட்டின் கோட்டையே மாற்றிப் போட வைத்தவரை அப்படி ஒதுக்காதீர்கள்.

நேருக்கு நேர் ஆட்டங்களுக்கும் எடை கொடுங்கள். 1995-இல் சென்டர் டேவிட் ராபின்சன் சிறந்த வீரர் விருதை வாங்கிய கையோடு ஹக்கீமை ஆறு ஆட்டங்களில் சந்தித்தார். ஹக்கீம் சராசரியாக 35-க்கு மேல் எடுத்தார். ராபின்சன் தடுப்பாட்டத்தில் சாதாரண ஆள் அல்ல. ஹக்கீம் தோளை ஒரு பக்கம் காட்டி, காலை மறுபக்கம் வைத்து, எதிராளி காற்றில் இருக்கும்போது பின்பக்கமாகப் போய்விடுவார். லாகோஸில் ஹேண்ட்பால் ஆடிப் பழகிய கால்கள் அவை. தன் காலத்தின் மிகச் சிறந்த சென்டருக்கு எதிரே ஒருவர் என்ன செய்தார் என்பது, பலவீனமான அணிகள் மீது குவித்த ஐம்பது ஆட்டங்களைவிட எனக்குப் பெரிது.

ஷக்கீல் ஓ'நீலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2000 முதல் 2002 வரை அவரைத் தடுக்க யாரிடமும் வழி இல்லை, வேண்டுமென்றே ஃபவுல் செய்து, அவர் தடுமாறுகிற ஃப்ரீ த்ரோ லைனுக்கு அனுப்புவதைத் தவிர. நிகோலா யோகிச் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். 2024-25-இல் பருவம் முழுவதும் பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் (கூட்டாளி பாயின்ட் எடுக்கக் கொடுத்த பந்து) என்ற மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்த முதல் சென்டர் அவர். அவரை இப்போதே வரிசைப்படுத்த எனக்கு அவசரமில்லை.

ட்வைட் ஹோவர்டை மட்டும் கேட்டே தீர வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு சிறந்த தடுப்பாட்ட வீரர். 2008 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்து முறை சிறந்த ஐவர் அணியில் சென்டர். 2009-இல் ஆர்லாண்டோவை இறுதித் தொடருக்குக் கொண்டுபோனவர். 76 பேரில் அவருக்கு இடமில்லை. தடுப்பாட்டம்தான் அவருடைய முதல் மூலதனம் என்பதால் இது நடந்தது என்று நினைக்கிறேன். பிளாக்குகளை எண்ணத் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகியும் நாம் பாயின்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2023-24 முதல் சிறந்த ஐவர் அணிகளுக்கு இடம் பார்க்காமல் தேர்ந்தெடுக்கிறீர்கள். சென்டர் என்று ஒருவர் கட்டாயம் இல்லை. ஆட்டம் மாறிவிட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது ரிங்குக்குக் கீழே நிற்கும் வேலைக்கு யார் மதிப்புப் போடுவது?

என் வரிசையைக் கேட்டால் மறைக்க மாட்டேன்: ரஸ்ஸல், கரீம், வில்ட், ஹக்கீம், ஷக்கீல். மைக்கனுக்கு வரிசைக்கு வெளியே தனி இடம். 1980-இல் அமெரிக்கக் கூடைப்பந்து எழுத்தாளர்கள் ரஸ்ஸலையே என்பிஏ வரலாற்றின் மிகச் சிறந்த வீரர் என்று தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பலர் அவரை நேரில் பார்த்து எழுதியவர்கள். உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்பதை வாக்கோடு சேர்த்து ஒரு பத்தி எழுதி வெளியிடுங்கள். அது முதல் வேண்டுகோள்.

இரண்டாவதற்கு அவகாசம் அதிகம் இல்லை. ரஸ்ஸல் 2022 ஜூலையில் போனார். சென்டர் வில்லிஸ் ரீட் 2023 மார்ச்சில். இன்னொரு சென்டர் பில் வால்டன் 2024 மே மாதத்தில், அடுத்த மாதமே ஜெர்ரி வெஸ்ட். ரஸ்ஸலையும் வில்டையும் தாண்டி ரிங்குக்குப் போக முயன்ற கார்டுகளில் மிஞ்சியிருப்பவர்களில் பலருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, பழைய படத்தை முன்னால் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். எத்தனை பாயின்ட் எடுத்தீர்கள் என்று கேட்க வேண்டாம். உள்ளே போய், அவரைப் பார்த்ததும் எத்தனை தடவை பந்தை வெளியே திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு நானும் ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போடுகிறேன். அந்தப் பையன் அடுத்த மாதமும் எங்கள் கோர்ட்டில் ஆட வருகிறான்.

இப்படிக்கு,
ஒரு பழைய சென்டர்,
இன்றைய ஸ்கோரர்